சோளத்தை நிற்க வைத்தது குற்றமா?

அன்பு மாப்பிள்ளைக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். உன் சுகத்தையும் உன் அறுவடை மெஷினின் சுகத்தையும் அறிய ஆவல். மெஷினுக்குச் சுகமில்லை என்பது தெரியும், மரியாதைக்குக் கேட்கிறேன்.

நேற்று என் வயல் நடுவில், வேலையாட்கள் காதுபட, "மாமா, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?" என்று கேட்டாய். இருக்கிறது. போன வாரக் காற்றில் மக்காச்சோளம் பூராவும் சாய்ந்தபோது நான் உனக்குத்தானே முதலில் ஃபோன் செய்தேன்? நீ என்ன சொன்னாய்? "படுத்த சோளத்துக்கு என் மெஷின் வராது மாமா. நிக்கிற சோளம்னா சொல்லுங்க." சரி, நிற்கத்தானே வேண்டும் என்று மூன்று நாள் குனிந்த முதுகு நிமிராமல் ஒவ்வொரு தட்டையாகத் தூக்கி, குச்சி நட்டு, சணல் கட்டிப் பாதி வயலை நிறுத்தினேன். உன் அக்கா வரப்பில் நின்று, "தூக்கும்போது அடியில படபடங்குதுங்க, இருக்கிற வேரும் அறுந்துடப் போகுது" என்றாள். "சோளம் சோம்பல் முறிக்குது, நீ போ" என்றேன். நீயும் வந்து, "அட, நல்லாத்தானே நிக்குது!" என்றாய். இல்லையென்று சொல்லு பார்ப்போம்!

வேர் மண்ணைக் கவ்விப் பிடித்தால்தான் மெஷினின் உருளை தட்டையைக் கீழே இழுக்கும், கதிர் ஒடிந்து மேலே தங்கும் என்பதெல்லாம் நீ பிறகு கத்திக்கொண்டே நடத்திய பாடம். முன்னாடியே நடத்தியிருக்கலாமே? பிடியில்லாத செடி வேரோடு, மண்கட்டியோடு, குச்சியோடு, சணலோடு, நான் கழற்றிப்போட்டிருந்த ஒரு செருப்போடு உள்ளே போய் மெஷின் வாயடைத்து நின்றது. நிக்கிற சோளம் கேட்டே, கொடுத்தேன். வேரும் வேணும்னு ஒரு வார்த்தை சொன்னியா? மிச்சப் பாதி இன்னும் தரையில் கிடக்கிறது. மழை வந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். எங்களுக்கு இந்த வருஷத்துச் சாப்பாடே அதுதான், பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன் மெஷின் இனி என் வரப்பை மிதிக்க வேண்டாம். நாளை காலை மிச்சத்தையும் தூக்கி நிறுத்தியே தீருவேன். "நீங்க பிடிச்ச முயலுக்கு மூணு காலு" என்கிறாள் உன் அக்கா. ஆமாம், மூன்றுதான்.

மெஷின் வாயடைப்பு நீங்கி, நீயும் அதுவும் நீடூழி வாழ வாழ்த்தும்,
மாமா.

பின்குறிப்பு: கடிதத்தை உன் அக்கா வாங்கிப் படித்தாள். உடனே வயலுக்குக் கூட்டிப்போய், நான் இன்னும் தொடாத ஒரு தட்டையை இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். அசையவில்லை. கதிர்தான் ஒடிந்து கையோடு வந்தது. சாய்ந்திருக்கும் திசைக்கு எதிரே மெதுவாக ஓட்டினால் மெஷின் எடுத்துவிடுமாம். படுத்த சோளத்துக்கு வராது என்றது உன் சோம்பேறித்தனமாம். காலையிலேயே வா. நான் குறுக்கே வரமாட்டேன், என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்போகிறாள். மெஷினுக்குள் என் செருப்பு கிடைத்தால் கொண்டு வா. மற்றதை நான் இன்னும் எறியவில்லை.