பாலமுனையில் இலவசப் பாரை

பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவன்தான் முதல் பொய்யை வீட்டுக்குள் கொண்டுவருவான். நான் அந்த வகை. அப்போது கல்யாணமான புதிது. எங்கள் வழக்கப்படி மருதமுனையில் பெண் வீட்டில் குடியிருந்தேன்.

இளைஞர்களின் சமூக ஊடக அறிவை அளப்பது என் வேலை. செய்தியைக் காட்டி உண்மையா, பொய்யா என்று கேட்கவேண்டும். (அளக்கிறவனை யார் அளப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.) நானே ஒரு பொய் தயாரித்தேன்: 'பாலமுனையில் கரைவலை நிறையப் பாரை மீன். வருபவர்களுக்கு இலவசம்.' எங்கோ எடுத்த படமொன்றையும் ஒட்டினேன். அதை அலுவலகக் குழுவுக்கு அனுப்புவதாக நினைத்து, குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன்.

பின்னேரம் மாமனார் மூடி போட்ட வாளியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பாலமுனையில சும்மா குடுத்தாங்க மகன். வாளிதான் பத்தல்ல."

ஒரு நிமிடம் நானே அந்தப் பொய்யை நம்பினேன். வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, கல்முனைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. ஆனால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது?

மறுநாள் கல்முனையில் மேலதிகாரி முன்னால் பரீட்சை. என் பாரைச் செய்திக்கு வகுப்பு முழுக்க 'உண்மை' என்றே எழுதியிருந்தது.

"எப்படி உண்மை எண்டு சொல்றீங்க?" என்றேன்.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருக்கும் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "உங்கட மாமா நேத்து வாளியோட வந்தார்தானே, ஸேர். நானே கேட்டன், பாலமுனை மீன் எண்டு சொன்னார். இவங்களுக்கும் நான்தான் சொன்னன். அவர் பொய் சொல்வாரா?"

மேலதிகாரி என்னைப் பார்த்தார். பொய் என்றால் மாமாவின் மானம் போகும். உண்மை என்றால் என் வேலை போகும். பெண் வீட்டில் சோறு தின்கிறவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"ஓம், உண்மைதான்," என்றேன் கம்பீரமாக.

அந்தக் கேள்வியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். கூடவே என்னையும்.

அன்று பகல் சாப்பாட்டில் மாமாவும் நானும் தலை நிமிரவில்லை. மாமி மிச்சமிருந்த பாரைக் கறியைப் பரிமாறிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"பாலமுனைக் கடலுல மீன் துண்டு துண்டாத்தான் நீந்துது போல. நேத்து வாளியத் திறந்த உடனயே விளங்கிட்டு."

இன்றுவரை எங்கள் வீட்டுக்கு எந்தச் செய்தி வந்தாலும், யார் கொண்டுவந்தாலும், மாமி கேட்பது ஒன்றுதான்:

"முழு மீனா, துண்டு மீனா?"