விருது புத்தகத்துக்குக் கைடு இருக்கா?

ஒரு காட்டில் புலிக்குப் பயப்படாத பிள்ளைகள்கூடப் புத்தகத்தைக் கண்டால் ஓடி ஒளிந்தார்கள். ஒரே ஒரு புத்தகம் மட்டும் விதிவிலக்கு. ஓர் ஓணான் எழுதிய 'வாத்தியாரின் வால் எங்கே?' என்ற கதை அது. அதை வகுப்பில் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தார்கள். கொக்கு வாத்தியார் ஒன்றைப் பிடுங்கினால், அடுத்த பெஞ்சில் இன்னொன்று முளைத்தது. எந்தப் புதரிலிருந்து பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டாலும் ஓணானுக்கு உடம்பெல்லாம் பூரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் அது எழுதியதே.

அந்தக் காட்டில் கரடி, முள்ளம்பன்றி, பெருச்சாளி மூவரும் ஆளுக்கொரு புத்தகக் கடை வைத்திருந்தார்கள். சிங்கராஜாவின் பெரிய கடையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதால் தங்களைச் சுயேச்சைக் கடைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். "மாணவர்களிடம் வாசிப்பை வளர்க்க விருது கொடுக்கப்போகிறோம்" என்று அவர்கள் அறிவித்ததும் சிங்கராஜா பதறிப்போய், "சுயேச்சையா? எந்தத் தொகுதி, என்ன சின்னம்?" என்று கேட்டனுப்பினார். தேர்தல் இல்லை, வெறும் புத்தகம்தான் என்று தெரிந்த பிறகு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

விருது ஓணானுக்கே கிடைத்தது. நியாயமான தீர்ப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. வினையெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அட்டையில் தங்கநிற ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் கொக்கு வாத்தியாருக்கு மரியாதை வந்துவிட்டது. பிடுங்கி வைத்திருந்த பிரதிகளையெல்லாம் அவரே திருப்பிக் கொடுத்து, "எல்லாரும் இதைப் படிக்கணும். வெள்ளிக்கிழமை டெஸ்ட்" என்றார். முதல் கேள்வி: வாத்தியாரின் வால் காணாமல் போனதற்கான காரணங்களை விளக்குக. இரண்டாவது கேள்வி: இக்கதையில் சிரிப்பு எங்கே வருகிறது, ஏன் வருகிறது? கட்டுரை வடிவில் எழுதுக.

மறுநாளே பிள்ளைகள் பெருச்சாளி கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள்.

"என்ன வேணும் கண்ணுகளா, விருது புத்தகமா?"

"அது வேணாம் அண்ணாச்சி. அதுக்குக் கைடு இருக்கா?" என்றது அணில்.

பெருச்சாளிக்கு அப்போதுதான் கண் திறந்தது. நேரே ஓணானிடம் ஓடியது.

"உங்க கதைக்கு நாங்களே ஒரு கைடு போட்டுக்கலாமா சார்?"

"கூடாது" என்று சொல்லத்தான் ஓணான் வாயைத் திறந்தது. ஆனால் ஓணானாகப் பிறந்துவிட்டால் வாய் பேசுவதற்குள் தலை ஆடிவிடும்.

"தலையாட்டிட்டீங்க, அது போதும் சார்" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெருச்சாளி பறந்துவிட்டது.

கைடும் வந்தது. கதைச் சுருக்கம் அரைப் பக்கம். சிரிக்கவேண்டிய இடங்கள் தனியாக, அடிக்கோடிட்டு. அன்று மாலை காட்டில் ஒரு புதர் பாக்கியில்லாமல் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஓணான் ஆசையாக எட்டிப் பார்த்தது. சிரிப்பில்லை, மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். ஓணானுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஆண்டும் கடைக்காரர்கள் மூவரும் கூடினார்கள். "பிள்ளைங்க தாங்களாவே கேட்டு, வரிசையில நின்னு வாங்கின புத்தகம் எது?" என்று கரடி கேட்டது. யாருக்கும் சந்தேகமே இல்லை. விருது கைடுக்குப் போனது.

விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓணானிடம் அணில் துள்ளிக்கொண்டு வந்து, கையெழுத்துக் கேட்டுக் கைடை நீட்டியது.

"உங்க கதைன்னா எனக்கு உயிரு சார். எந்தெந்த இடத்துல சிரிக்கணும்னு ஒண்ணுவிடாம ஒப்பிப்பேன். சொல்லட்டுமா?"

சொல்லியும் காட்டியது. ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

நீதி: பிள்ளைகள் ஒரு புத்தகத்தை விரும்பிப் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் தயவுசெய்து வெளியே சொல்லாதீர்கள். யாராவது விருது கொடுத்துவிடுவார்கள்.