கட்டுரைக்குப் பதியப் போனது

அன்று தரம் பதினொன்று வகுப்பறையில் இருந்தவர்கள்: தமிழ் ரீச்சர் ஒருவர். பிள்ளைகள் பத்தொன்பது பேர். முன்பக்க வாங்கில் என் மகள் நிலானி. கரும்பலகைக்குப் பக்கத்தில், கதிரையில் நான். என் மடியில் ஒரு பொலித்தீன் பை. வாசலில் பக்கத்துக் காணி மணியண்ணை. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை.

அந்த வரிசைக்கு நான்தான் காரணம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். (ஐந்தும் முழுதாக இல்லை.) மல்லாவிப் பக்கம் வயல் செய்கிறேன். கதை பேச்சுக் குறைவு.

ரீச்சர் பிள்ளைகளுக்கு ஒப்பீட்டுக் கட்டுரை எழுதப் பழக்கினார். ஒரு பக்கம், ஊரை விட்டுப் போன ஒருவரைப் பற்றிய சிறுகதை. மறுபக்கம், உண்மையிலேயே ஊர் மாறி வந்த ஒருவரின் அனுபவம். எது ஒன்றுபோல, எது வேறு என்று எழுத வேண்டும். தவணைப் புள்ளி அதில்தான். உயர்தரத்தில் தமிழ் படிக்க நிலானிக்கு ஆசை. அதனால் அப்பாவைக் கூட்டிவருகிறேன் என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கியிருக்கிறாள்.

"அப்பா, நீங்கள் இடம்பெயர்ந்ததை வந்து சொல்லோணும்."

"ஓம்" என்றேன்.

அதுவரை என்னிடம் அதைக் கேட்டவர்கள் எல்லாரும் மேசையும் படிவமும் வைத்திருந்தவர்கள். ஆகவே ஆயத்தமானேன். குடும்ப அட்டை, அடையாள அட்டை, முகாம் அட்டை, மீள்குடியேற்றக் கடிதம். எல்லாம் இரண்டு போட்டோக்கொப்பி. கொப்பிக் கடையில் மணியண்ணை நின்றார்.

"என்னத்துக்கடா கொப்பி?"

"பள்ளிக்கூடத்திலை இடம்பெயர்ந்த விபரம் கேக்கினம்."

"என்ன குடுக்கினமாம்?"

"தெரியாது."

அந்தத் 'தெரியாது'தான் கெடுத்தது. ஒன்றுமில்லை என்றிருந்தால் எல்லாரும் வயலுக்குப் போயிருப்பார்கள்.

வகுப்பில் ரீச்சர், "அவசரமில்லை ஐயா. மனசிலை வாறதைச் சொல்லுங்கோ. ஒரு பாடநேரம் இருக்கு" என்றார்.

எழுந்து நின்றேன். பெயர் சொன்னேன். குடும்ப அட்டை இலக்கம் சொன்னேன். பிறந்தது மலையகத்தில் ஒரு தோட்டம். பிறகு நெளுக்குளம். பிறகு மற்றவை. மொத்தம் எட்டு இடம். ஆறாவது இடத்துக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். விட்டு வந்தவை: கூரைத் தகரம் முப்பத்திரண்டு, மாடு நாலு, சைக்கிள் ஒன்று. கொப்பிகளை நீட்டினேன்.

"கையெழுத்து எங்கை வைக்கிறது, ரீச்சர்?"

நாலு நிமிடம் ஆகியிருந்தது.

ரீச்சர் நல்ல மனுசி. "கதையிலை வாறவர் தன்ர வேப்பமரத்தைக் கட்டிப்பிடிச்சு அழுறார். நீங்கள் வெளிக்கிடேக்கை என்ன நினைச்சனீங்கள்?"

யோசித்தேன். "தகரத்திலை ஆணி கழரேல்லை. அதைத்தான் நினைச்சனான்."

பின்பக்க வாங்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். நிலானி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் வாசலில் மணியண்ணை. "இவன்ர முடிஞ்சுதோ ரீச்சர்? அடுத்தது நான்." அவருக்குப் பின்னால் யன்னல் கடந்தும் ஆட்கள். ஆளுக்கொரு பை.

"வீட்டுத்திட்டமோ, மலசலகூடமோ?" என்று ஒரு அக்கா கேட்டா.

"இது கட்டுரை அம்மா" என்றார் ரீச்சர்.

"பரவாயில்லை பிள்ளை. அதுக்கும் எங்கட பேரைப் பதிஞ்சு விடுங்கோ."

ரீச்சர் வரிசையை உள்ளே கூப்பிட்டார். பிறகு பிள்ளைக்கு ஒருவராக வாங்கில் இருத்தினார். பதினெட்டு வாங்கிலும் கதையும் சிரிப்பும். ஒரு மூலையில் அழுகையும். நிலானிக்கு மட்டும் நான்.

வீட்டுக்கு வரும்வரை அவள் சைக்கிளை முன்னால் விட்டாள். வந்ததும் கட்டுரைக் கொப்பியை என் முன்னால் போட்டாள்.

"எல்லாருக்கும் கதை இருக்கு. எனக்கு அட்டை இலக்கம்தான் இருக்கு. நான் என்னத்தை ஒப்பிட?"

வகுப்பில் தான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"ஆறாவது இடத்துக்குப் பிறகு ஏன் தண்ணி குடிச்சனீங்கள்?"

"அங்கை ஒண்டு விட்டுப்போச்சு."

"ஏன் சொல்லேல்லை?"

"பதிவில்லை."

ஒரு பாலை மரத்தின் கீழ் ஐந்து நாள். அங்கே மேசை போட்டுப் பதிய ஒருவரும் வரவில்லை. என் அம்மாவை அந்த மரத்தடியில்தான் புதைத்து, விட்டுவிட்டு வந்தோம். இவ்வளவும் சொன்னேன். அவள் எழுதினாள். இடையில் ஒருமுறை எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வகுப்பில் அவளுக்குத்தான் கூடின புள்ளி.

இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்து என்னிடம் ஏதும் கேட்டால், மனைவி உள்ளே இருந்து சத்தம் வைப்பாள்: "பையை எடுத்துக்கொண்டு வாங்கோ, கதை கேக்கினம்." மணியண்ணை சந்தியில் காணும்போதெல்லாம், "எடேய், எங்கட கட்டுரை வந்திட்டுதோ?" என்கிறார்.

வந்துவிட்டது. நிலானியின் கட்டுரை அந்தப் பைக்குள் இருக்கிறது, குடும்ப அட்டைக்குக் கீழே. அப்பா இருந்த இடங்கள் எட்டு என்று முதலில் எழுதியிருக்கிறாள். எட்டை வெட்டி, மேலே திருத்தியிருக்கிறாள்.

ஒன்பது.