பாய் போன வழி

தொண்ணூறாவது முடிச்சைப் போட்ட அன்று நீலாம்பாள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினாள். சாம்பிராணிப் புகையில் கூந்தலை உலர்த்தி, முற்றத்து மல்லிகையை ஒரு முழம் தொடுத்து வைத்துக்கொண்டு, விளக்கேற்றும் வேளையில் அறை வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் நாளுக்கு ஒரு முடிச்சாக அவள் போட்டுவந்த பட்டு நூல் முந்தானையில் இருந்தது.

பஞ்சாட்சரம் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தான். மனைவியைப் பார்த்தான். அவனுடைய காதுகள் இரண்டும் லேசாக அசைந்தன. சந்தோஷம் வந்தால் அவனுக்கு முதலில் காதுதான் அசையும். வாய் பிறகுதான் சிரிக்கும்.

“உடம்பு எப்டி இருக்குது நீலா?”

“இருக்குது.”

“நோவு கீவு?”

“ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்குது.”

சரி என்று தலையாட்டினான். மூலையில் சுருட்டியிருந்த தன் கோரைப்பாயை எடுத்துவந்து அவள் அறை நிலையில் சாய்த்து வைத்தான். பக்கத்தில் குந்தி ஒரு தரம் வெற்றிலை போட்டான். நீலாம்பாள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வெற்றிலை தீர்ந்தது. வெளியே ஒரு பெருமூச்சுக் கேட்டது. எட்டிப் பார்த்தால், பஞ்சாட்சரம் பாயைத் தூக்கிக்கொண்டு தறிப்பக்கம் போய் விரித்துப் படுத்திருந்தான்.

மல்லிகை அவள் தலையிலேயே வாடியது.

மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கருப்பை கீழே இறங்கிவிட்டது. இரண்டு வருஷம் அதை வெளியில் சொல்லாமல், நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் காலம் தள்ளினாள். ஒரு நாள் கிணற்றடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அழுவதைப் பார்த்த பஞ்சாட்சரம், பிள்ளைகள் மூன்றையும் முசரவாக்கத்தில் அவள் தாய் வீட்டில் விட்டுவிட்டு, அவளை ரயிலேற்றிச் சென்னப்பட்டணத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே வெள்ளைக்கார டாக்டரம்மா எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் ஏற்றி வைத்துத் தைத்து அனுப்பினாள்.

புறப்படும் நாளில் டாக்டரம்மா மூன்று விரலைக் காட்டினாள். “மூணு மாசம் எதுவும் தூக்காதே. குடம் கூடாது, குழவி கூடாது, பிள்ளை கூடாது. மூணு மாசம் புருஷன் தனிப் பாய். அப்புறம் எல்லாம் முன்னே மாதிரி!” அரைகுறைத் தமிழில் அவள் அதைச் சொன்னபோது வார்டே சிரித்தது. நீலாம்பாள் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் நர்ஸ் நாமகிரியம்மாள் பஞ்சாட்சரத்தைத் தனியாக அழைத்துப்போய் வேப்பமரத்தடியில் ஏதோ சொன்னாள். அவன் பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கைகட்டி நின்று கேட்டான். கடைசியில் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். ஜன்னல் வழியாக நீலாம்பாள் அதைப் பார்த்தாள்.

ரயிலில் கேட்டாள். “நர்சம்மா இன்னா சொன்னாங்க?”

“மருந்து வேளையைச் சொன்னாங்க.”

“மருந்துக்கா கன்னத்துல போட்டுக்கினீங்க?”

“கசப்பு மருந்தாம்,” என்று சொல்லிவிட்டு அவன் செங்கல்பட்டு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

பிள்ளைகள் இன்னும் முசரவாக்கத்திலேயே இருந்தார்கள். அந்த மூன்று மாதமும் அவன் தண்ணீர் சேந்தினான், மாவு அரைத்தான், விளக்குமாறு பிடித்தான். தெருவே சிரித்தது. அவன் கவலைப்படவில்லை. பாயைத் தறிக்குழிப் பக்கம் போட்டுக்கொண்டு, டாக்டரம்மா சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் காத்தான்.

அதெல்லாம் சரி. தொண்ணூறு நாள் முடிந்த பிறகும் ஏன் காக்க வேண்டும்?

தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று நாள் ஏறியது. ஒவ்வொரு மாலையும் அதே நிலை, அதே வெற்றிலை, அதே பெருமூச்சு. ஒரு நாள் காலையில் தறிப்பக்கம் பெருக்கும்போது நீலாம்பாள் அந்தப் பாயைக் கையில் எடுத்தாள். சட்டென்று தறியின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தாள். பஞ்சாட்சரம் ஊடு இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி, மூச்சுவிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பாயைத் தொட்டதே குற்றமோ என்று பயந்து அதை அவசரமாக மூலையில் சாத்தினாள். அவன் நாடாவை வீசினான். அது குறிதவறிப் போய் இழை அறுந்தது.

‘அறுத்துத் தைத்த உடம்பு இவருக்கு வேண்டாமாகிவிட்டது’ என்று நீலாம்பாள் முடிவுக்கு வந்தாள். அவளும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்தானே? இழை ஒட்டுப் போட்ட சேலையைக் கடைக்காரன் விரித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் மடித்துத் திருப்பிக் கொடுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பேசாமல் மடிப்பதுதான் அதில் கொடுமை.

அடுத்த வீட்டு இந்திராணியிடம் கண்ணீர் விட்டாள். இந்திராணி தெருவிலுள்ள அத்தனை குடும்பங்களுக்கும் யோசனை சொல்லுகிறவள். ஒன்றாவது பலித்ததில்லை என்பது அவளுக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

“அடி இவளே, வெறுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆம்பளைங்க எருமை மாதிரி. படுத்த எடம் பழகிப்போச்சுன்னா எழுந்திருக்காது. எடத்தைக் கெடு. தானா கொட்டாய்க்கு வருது பாரு.”

“எப்டிக்கா கெடுக்கறது?”

“வூட்ல வெல்லம் இருக்குதா?”

மறுநாள் காலையில் தறிப்பக்கம் கட்டெறும்பு ஊர்வலம் போயிற்று. பஞ்சாட்சரம் துள்ளி எழுந்து, முதுகைக்கூடச் சொறியாமல், தறியைப் பார்த்து அலறினான்.

“ஐயோ, பாவுல கஞ்சி இருக்குதே! ஏறிச்சுன்னா தொலைஞ்சோம்!”

அன்று முழுவதும் நெசவு இல்லை. தறிக்கால்களைச் சுற்றி மஞ்சள்தூளைக் கொட்டி, தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூலை இழை இழையாக ஊதிப் பார்த்தார்கள். வீட்டிலிருந்த மஞ்சளெல்லாம் தீர்ந்தது. சாயங்காலம் பஞ்சாட்சரம் சொன்னான்:

“என் வெத்தலைப் பாக்கு வாசனைக்குத்தான் வந்துகீது. நான் முத்தத்துல படுத்துக்கறேன்.”

பாய் முற்றத்துக்குப் போனது.

“காத்து வருது, நல்ல எடம்தான்,” என்று மறுநாள் அவன் சொன்னதைக் கேட்டு நீலாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இம்முறை இந்திராணியைக் கேட்கவில்லை. தானே ஒரு யோசனை செய்தாள்.

“ஏங்க, மல்லிப்பூச் செடியாண்ட ஒரு பாம்பு போச்சுங்க.”

“பாம்பா?”

“மஞ்சளா, நீட்டமா.”

பயந்து உள்ளே வருவான் என்று அவள் நினைத்தாள். அவன் வெளியே ஓடினான். கால் மணி நேரத்தில் தெருவில் பாதிப் பேர் கடப்பாரையும் தடியுமாக முற்றத்தில் நின்றார்கள். தோண்டித் தோண்டி, ஐந்து வருஷத்துக்கு முன் காணாமல்போன கரண்டி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். பாம்பு கிடைக்கவில்லை. மல்லிகைச் செடி வேரோடு போனது.

கூட்டம் கலைந்ததும் பஞ்சாட்சரம் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றான்.

“இப்ப நீயே சொல்லு. பாயை எங்க போடறது?”

கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அவன் பெயரைக்கூட வாயால் சொன்னவளில்லை. இதையா சொல்லுவாள்? கட்டிய புருஷன், தெரியாதா?

“உங்க இஷ்டம்,” என்றாள் வெடுக்கென்று.

“என் இஷ்டத்துல இன்னா இருக்குது,” என்று முணுமுணுத்தான். பிறகு, “பாம்பு இருக்கற வூட்ல நீ தனியா இருக்காதே. இந்திராணியக்காவை வந்து படுத்துக்கச் சொல்றேன். நான் தேவார மடத்துக்குப் போறேன்,” என்றான்.

பாய் தெருக்கோடிக்குப் போனது. அந்த இடத்தில் இந்திராணியின் பாய் வந்தது. கூடவே அவளுடைய குறட்டையும்.

மடத்தை நடத்திவந்த நமச்சிவாயத்துக்கு ஏற்பட்ட ஆனந்தத்துக்கு அளவில்லை. இருபது வருஷமாக அவர் அழைத்தும் யாரும் மடத்தில் வந்து தங்கியதில்லை. இப்போது பாயோடு ஒருவன் வந்திருக்கிறான்! பஞ்சாட்சரத்தின் நெற்றி நிறைய விபூதி பூசினார். கழுத்தில் ருத்திராட்சம் போட்டார். காலையில் சங்கு ஊதும் வேலையையும் கொடுத்தார். “பெயர்ப் பொருத்தம் பாத்தீங்களா? பஞ்சாட்சரம்!” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

நான்கே நாளில் பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரத் தெருக்கள் முழுவதும் செய்தி பரவியது: பஞ்சாட்சரத்துக்கு வைராக்கியம் வந்துவிட்டது. துறவு வாங்கப் போகிறான். நீலாம்பாளுக்கு ஆறுதல் சொல்லப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி, “கொடுத்து வெச்சவ நீ, புருஷன் வழியா உனக்கும் மோட்சம்மா,” என்று சொல்லி அவள் காலிலேயே விழுந்தாள்.

“எனக்கு எதுக்கு மோட்சம்?” என்று நீலாம்பாள் உள்ளே போய் அழுதாள்.

இந்திராணி கையைப் பிசைந்தாள். “இன்னும் ஒரு வாரம் வுட்டா காவி கட்டிடுவாரு போலக்கீதே! நீ படு. போர்த்திக்கோ. உனக்கு லேசா ஜுரம்னு சொல்லி இட்டாறேன்.”

“லேசான்னு சொல்லுக்கா. பயந்துடப் போறாரு.”

“எனக்குத் தெரியாதா?”

இந்திராணி மடத்து வாசலில் நின்று போட்ட கூச்சலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து சங்கு நழுவியது. “ஜுரம் நெருப்பா கொதிக்குது! பேச்சு மூச்சு இல்ல! தையல் பிரிஞ்சுட்டாப்பல இருக்குது!”

பஞ்சாட்சரம் ஓடிவந்தான். அக்குளில் பாய். கழுத்தில் ருத்திராட்சம். பின்னால் குப்புசாமியின் ஜட்கா வண்டி. அக்குளில் பாயைக் கண்டதும் நீலாம்பாளுக்கு ஒரு விநாடி உயிர் வந்தது. அடுத்த விநாடி அவன் அவளைக் குழந்தைபோல வாரித் தூக்கி வண்டியில் உட்கார்த்திவிட்டான்.

“எங்கங்க போறோம்?”

“சின்ன காஞ்சிபுரத்துக்கு. நர்சம்மா வருஷா வருஷம் கருட சேவைக்கு அண்ணன் வூட்டுக்கு வருவாங்களாம். வந்துதான் இருப்பாங்க. குப்புசாமி, பள்ளம் பாத்து ஓட்டுப்பா! தையல்!”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க…”

“ஜன்னி கண்டாலும் இப்டித்தான் சொல்லுவாங்க,” என்று குப்புசாமி திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

வழியெல்லாம் கூட்டம். பஞ்சாட்சரம் வண்டிக்கு முன்னால் இறங்கி ஓடி, “வழி வுடுங்க, வழி வுடுங்க!” என்று கத்தினான். ருத்திராட்சத்தையும் விபூதியையும் பார்த்து, சாமி வருகிறார் என்று ஒதுங்கி நின்று கும்பிட்டவர்களும் உண்டு. கண்ணில் வழிந்த நீரைத் துடைக்கக்கூட அவனுக்குக் கை ஒழியவில்லை. ஒரு கையில் பாய், மறு கையில் குதிரையின் கடிவாளம்.

நாமகிரியம்மாள் நீலாம்பாளை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். நெற்றியைத் தொட்டாள். தையலைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“ஜுரமாவது மண்ணாவது! எல்லாம் எப்பவோ நன்னா ஆறியிருக்கு. என்னடி நாடகம் இது? உன் ஆம்படையான் வாசல்ல நின்னு அழறார்.”

நீலாம்பாளுக்கு அடக்க முடியவில்லை. முந்தானையிலிருந்த முடிச்சு நூலை எடுத்து அவள் முன்னே போட்டாள். தொண்ணூறைத் தாண்டி இன்னும் பதினேழு முடிச்சு இருந்தது.

“அழறாரா? நல்லா அழட்டும். என்னுது தைச்ச உடம்பு, வேணாமாயிட்டேன். வாயத் தொறந்து அதைச் சொல்ல மனசில்லாம, பாயைத் தறியாண்ட போட்டாரு, முத்தத்துல போட்டாரு, மடத்துல போட்டாரு. நாளைக்குக் காசியில போடுவாரு. வீட்டுக்குள்ள மட்டும் கொண்டார மாட்டேங்கறாரும்மா!”

நாமகிரியம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெயிலில், ஜட்காவின் பக்கத்தில், பாயைக் குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு பஞ்சாட்சரம் நின்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

“அவர் எப்படிடி கொண்டுவருவார்? ‘உம்ம ஆம்படையாளுக்கா மனசு வந்து, அவளே தன் கையால அந்தப் பாயை எடுத்து உள்ளே போடற அன்னிக்குத்தான் நீர் உள்ளே போகணும், அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடப்படாது, சொன்னா உமக்காகப் பயந்துண்டு மறுநாளே போட்டுடுவா’ன்னு, அன்னிக்கு வேப்பமரத்தடியில காமாட்சி பேர்ல அவர்கிட்டச் சத்தியம் வாங்கினவளே நான்தானே!”