யென்னம்மா ஜப்பான் போன கதை

ஜப்பான் நாட்டுப் பணத்தின் நாடி ஜப்பானில் யாருக்குத் தெரியுமோ தெரியாது. மரக்காணத்தில் மெஸ் நடத்திய ஓர் அம்மாவுக்கு அது அத்துப்படி. யென் ஏறினால் அவர் முகம் மலரும். இறங்கினால் சாம்பாரில் உப்பு ஏறும். வெளிநாட்டு நாணயம் ஒன்றுக்காக இப்படி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்த இன்னொரு மனுஷியை நான் பார்த்ததில்லை. இனி பார்க்கப் போவதுமில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் யென்னம்மா. ‘என்னம்மா, தோசை ரெடியா?’ என்று தினமும் கேட்டுக்கொண்டே வரும் பஸ் கண்டக்டர் ஒருவர், கல்லாவில் உட்கார்ந்து இவர் யென் யென் என்று புலம்புவதைக் கேட்டுவிட்டு, ‘யென்னம்மா, தோசை ரெடியா?’ என்று மாற்றினார். அந்த வாரத்துக்குள் ஊரே மாற்றிக்கொண்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. பால்காரர் நோட்டில் அந்தப் பெயரையே எழுதச் சொல்லிவிட்டார்.

நான் அப்போது பாண்டிச்சேரியில், வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் சின்னக் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். தங்கியது மெஸ்ஸுக்குப் பின்னால் ஒற்றை அறையில். வாடகை குறைவு என்று நம்பித்தான் போனேன். காலை ஆறு மணிக்கே கதவைத் தட்டி, “தம்பி, யென்னுக்கு இன்னைக்கு எப்படி இருக்குது?” என்று ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

“கொஞ்சம் இறங்கியிருக்குதுக்கா.”

“நேத்தும் அதத்தானே சொன்ன?”

“நேத்து இறங்குனது வேற, இது வேற.”

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போவார். உப்பளத்துக்குப் போகிற ஆட்கள் காலையில் சாப்பிட வருவார்கள். அவர்கள் உட்காருவதற்கு முன் என்னைப் பார்த்து, “ஏம்பா, யென் எப்படி?” என்று ரகசியமாகக் கேட்பார்கள். இறங்கியிருக்கிறது என்று நான் தலையாட்டினால் இட்லி சாம்பாரை விட்டுவிட்டுப் பூரி கிழங்குக்குப் போய்விடுவார்கள்.

யென்னுக்கும் இவருக்கும் உறவு வந்தது சேற்றில். பல வருஷங்களுக்கு முன் நகமுரா என்கிற ஜப்பான்காரர், ரிட்டயரான தபால்காரர், பறவைகளைப் படம் பிடிக்க வந்திருக்கிறார். கழுவெளி ஏரிப் பக்கம் பூநாரையைத் துரத்திக்கொண்டே போனதில் வாடகை ஸ்கூட்டர் உப்பளச் சேற்றில் பாதி வரை புதைந்துவிட்டது. அந்த வழியாகச் சாப்பாட்டுக் கூடையோடு போன இவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, வண்டியையும் இழுத்தார், வண்டிக்காரரையும் இழுத்தார். பிறகு மெஸ்ஸில் உட்கார வைத்து மீன் குழம்பு போட்டார். காரத்தில் நகமுராவுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதை நன்றிக் கண்ணீர் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அவர் நாலு பேரோடு வந்தார். அதற்கடுத்த வருஷம் எட்டுப் பேர். யென்னம்மா மாடியில் இரண்டு அறை கட்டினார். அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் உப்பளப் பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். தை பிறந்து வெயில் காய்கிற வரை உப்பு வாரும் பெண்களுக்கு வேலை கிடையாது. பறவைக்காரர்கள் வருவதும் சரியாக அந்த மாசங்களில்தான். அறை கூட்ட, துணி துவைக்க, மீன் ஆய, சமைக்க என்று கஸ்தூரியையும் அவளோடு இன்னும் மூன்று பெண்களையும் யென்னம்மா மழைக்காலம் முழுக்க வேலைக்கு வைத்திருந்தார். அந்த நாலு வீட்டில் மழையிலும் அடுப்பு எரிந்தது நகமுராவின் கூட்டத்தால்தான். யென் இறங்கினால் இவர் ஏன் நெஞ்சில் கை வைத்தார் என்று இப்போது புரியும்.

அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அர்ச்சனைத் தட்டை நீட்டினார். பூசாரி பெயர் கேட்டார்.

“யென்.”

“என்?”

“யென்னுங்க.”

“சரி, யாரோ ஒருத்தர். நட்சத்திரம்?”

“தெரியாதுங்க. சொந்த ஊரு ஜப்பான். கொஞ்ச நாளா கீழ விழுந்து விழுந்து எழுந்திரிக்க முடியாம கிடக்குது.”

பூசாரி பாவம், யாரோ வயசானவர் என்று நினைத்துக் கால் வலுவுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் நகமுராவின் செய்தி வந்தது. மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டு அனுப்பிய தமிழ்: ‘மதிப்பிற்குரிய மீன் குழம்பு அம்மா, என் பணம் சிறியதாகிவிட்டது. இந்த ஆண்டு என்னால் பறக்க முடியாது. பறவைகளிடம் மன்னிப்பு.’

யென்னம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“அவருக்குப் பென்சனக் கொறச்சிட்டானுங்களா?”

“இல்லக்கா. அதே பென்சன்தான். ஆனா அத நம்ம ரூபாயா மாத்துனா முன்ன மாதிரி வராது. முன்னெல்லாம் ஒரு நோட்ட மாத்துனா சாப்பாடு, எளநி, ஆட்டோ மூணும் ஆகும். இப்ப அதே நோட்டுக்குச் சாப்பாடு மட்டும்தான்.”

“அவரு எதுனா தப்பு பண்ணாரா?”

“இல்ல.”

“அவரு பாட்டுக்கு வூட்ல குந்தினு இருந்தாரு. அவரு பாக்கெட்ல இருந்த நோட்டு அதுவா எப்படிறா சின்னதாச்சு?”

மூன்று வருஷமாக அந்தத் தொழிலில் இருந்தவன் நான். வட்டி விகிதம் என்றேன். உலகச் சந்தை என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

மறுநாள் அவரே வைத்தியத்தில் இறங்கினார். ஜப்பான்காரர்களுக்கு மட்டும் அறை வாடகை பாதி, சாப்பாடு பாதி என்று அறிவித்தார். அதோடு விட்டாரா? ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், “நீங்களும் பாதியாக் கொறைங்கடா” என்று நின்றார்.

ஓர் ஆட்டோக்காரர் பொறுமையாகச் சொன்னார்: “அக்கா, பெட்ரோல் பங்க்ல யென்னு வாங்க மாட்றான்க்கா.”

விமானக் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னைப் படுத்தினார். எழுதியும் கொடுத்தேன். பதில் இல்லை.

மழை வந்தது. மாடி அறைகள் பூட்டியே கிடந்தன. கஸ்தூரியும் மற்ற மூன்று பேரும் தினமும் காலையில் வந்து, யாரும் படுக்காத படுக்கையைத் தட்டிப் போட்டு, கூட்டிய தரையையே மறுபடி கூட்டினார்கள். ஒருநாள் கஸ்தூரி என்னிடம், “அக்காவுக்கு எங்கள நிறுத்த மனசு வரல. நாங்களே நின்னுக்கிறோம்னு சொல்லிடலாமான்னு பாக்குறோம்ணா” என்றாள். அந்த வாரம் யென்னம்மா யென்னைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், நான் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, அவங்க காசு விழுந்தா அவங்களுக்கு இங்க எல்லாம் வெல ஏறுது. சரியா?”

“சரிக்கா.”

“அப்ப நம்ம காசுக்கு அங்க எல்லாம் வெல எறங்கணுமே?”

“ஆமாக்கா. எறங்கும்.”

“இத ஏண்டா இத்தினி நாளா சொல்லல?”

கேட்டுவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். மரக்காணம், பாண்டியைத் தாண்டி வேறெங்கும் போகாத, ஐம்பது தாண்டிய பெண்மணி. வீட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், “எதுக்கும்மா ஜப்பான் போறீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“அங்க வெலவாசி கொறைஞ்சிருக்குதுங்க.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு டீ கேட்டு, முழு விவரத்தையும் கேட்டுக்கொண்டு போனாராம்.

நகமுரா அழைப்புக் கடிதம் அனுப்பினார். மகளிர் குழுச் சேமிப்பும் ஒரு ஜோடி வளையலும் டிக்கெட் ஆயின. வானூரில் இருந்த யென்னம்மாவின் தம்பி வந்து, “ஊரு சிரிக்குதுக்கா” என்றார். “சிரிக்கட்டும். நம்ம ஊருல சிரிச்சு எத்தினி நாளாச்சு” என்று பதில் வந்தது. மழைக்கோட்டு ஒன்று, சுவெட்டர் இரண்டு, மிளகாய்த் தூள் ஒரு பை. நாலு பெண்களும் ஏர்போர்ட் வரை போய் வழியனுப்பினார்கள்.

பத்து நாள். தினமும் எனக்கு வீடியோ கால்.

“டேய், இங்க பஸ்ஸு சொன்ன டைமுக்கு வருதுடா. பயமா இருக்குது.”

அடுத்த நாள்: “சூப்புல நூடுல்ஸப் போட்டு முழுச் சாப்பாடு. பாண்டி பீச்சு ஓட்டலவிட வெல கம்மிடா! நகமுரா சாருக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன். அவரு வேணாம் வேணாம்னாரு. உங்க காசு எழுந்திரிக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

ஆறாம் நாள் குரல் வேறு மாதிரி இருந்தது. அவர் சாப்பிடப் போன கடையை ஓர் அம்மாள் நடத்தினாளாம். கோதுமை மாவு வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை ஏறிவிட்டது. அந்த அம்மாளும் காலையில் எழுந்ததும் யென் எவ்வளவு என்றுதான் பார்க்கிறாளாம். “என்ன மாதிரியே நெஞ்சுல கை வெக்கிறாடா” என்றார். ஆனால் கடையில் உட்கார இடமில்லை. யென் மலிவு என்று வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பக்கம். வெளிநாடு போக முடியாத ஜப்பான்காரர்கள் உள்ளூரையே சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பியது இன்னொரு பக்கம். நகமுரா நடுவில் இருந்து மொழிபெயர்க்க, இரண்டு அம்மாக்களும் மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் இவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுத்திருக்கிறார்.

திரும்பி வந்தவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. எங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்தார்.

“நான் ஒரு முட்டாளு” என்று ஆரம்பித்தார். மறுக்க யாருக்கும் தைரியமில்லை, ஆமோதிக்கவும் இல்லை. “சனி ஞாயிறு ஆனா மெட்ராஸ்லருந்து எத்தினி காரு ஈசிஆர்ல போவுது? அதுல பாதிப் பேரு நம்ம கடையில டீ குடிக்கிறான். மாடியில ரூமு கிடைக்குமான்னு எத்தினி பேரு கேட்டான்? இல்லப்பா, அது ஜப்பான்காரங்களுக்குன்னு தொரத்துனது யாரு?”

“நீங்கதாங்க்கா” என்றாள் கஸ்தூரி.

“ஆமா. நாந்தான். நம்ம ஊரு பூநாரையப் பாக்க ஜப்பான்லருந்துதான் வரணும்னு நானா நெனச்சுக்கினேன்.”

அந்த வார இறுதியிலேயே ‘மாடியில் ரூம் கிடைக்கும்’ என்று வாசலில் பலகை ஏறியது. முதலில் வந்தது திண்டிவனத்திலிருந்து ஒரு வாத்தியார் குடும்பம். முக்கால் மணி நேரப் பயணத்தில் இருந்துகொண்டு, வாழ்க்கையில் அதுவரை உப்பளம் பார்க்காதவர்கள். அடுத்து சென்னையிலிருந்து காமிராக்காரர்கள். அவர்களைப் படகுத்துறைக்கும் ஏரிக்கரைக்கும் கூட்டிப் போக, கூட்டிய தரையையே கூட்டிக்கொண்டிருந்த கஸ்தூரி ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எந்தப் பறவை எந்தப் பாத்தியில் இறங்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? மாடியில் இன்னும் ஓர் அறை எழும்பியது. வாடகை பாதி என்ற அறிவிப்பு மட்டும் ஜப்பான்காரர்களுக்கு அப்படியே இருந்தது. ஒருவரும் வராவிட்டாலும் அதை எடுக்கக் கூடாது என்பது உத்தரவு.

எனக்குக் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். போன மார்கழியில் சென்னைக்கு வந்த வேலை சீக்கிரம் முடிந்ததால், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மரக்காணத்தில் இறங்கினேன். வாசலில் மூன்று கார்கள். மாடி முழுக்கக் குழந்தைகள் சத்தம். உள்ளே, நகமுரா! யென் ஒன்றும் பெரிதாக எழுந்துவிடவில்லை. இரண்டு வருஷம் சேர்த்து வைத்து, வழக்கமான இரண்டு மாசத்துக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு வந்திருந்தார். மீன் குழம்பில் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“ரூமெல்லாம் ஃபுல்லா இருக்குதே, இவரு எங்கக்கா தங்குறாரு?” என்றேன்.

“என் ரூம்ல. நான் கஸ்தூரி வூட்டுக்குப் போயிக்கிறேன்.”

“மாடியில ஒண்ணு அவருக்கு ஒதுக்கியிருக்கலாமே?”

“வாடகைக்கு வர்றவங்க மாடியில இருக்கட்டும்டா. வூட்டு மனுஷன் வூட்ல இருக்கட்டும்.”

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மத்தியானத் தூக்கத்துக்கு நகமுரா பாயில் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு பாய், உறை மாற்றிய தலையணையோடு. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.