எட்டுத்தலை சார்

திருச்சியில் எட்டுத்தலை சாரின் பென்சிலுக்குத் தப்பியவர் என்று யாரும் இருக்க முடியாது. நீங்கள் காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கியிருந்தாலும் சரி, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கியிருந்தாலும் சரி, அம்மா மண்டபத்துப் படியில் ஈரத் துண்டைப் பிழிந்திருந்தாலும் சரி, உங்களுக்கே தெரியாமல் ஒருவர் கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உங்களை அளந்திருப்பார். உங்கள் உயரம் எத்தனை தலை என்று உங்கள் வீட்டாருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அது என்ன தலைக் கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். தென்னூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓவிய வகுப்பு நடந்துவந்தது. பிள்ளைகளுக்கு அல்ல, என்னைப் போல் தலை நரைத்த பிறகு ஆசை வந்தவர்களுக்கு. மனித உருவம் வரையக் கற்றுக்கொள்கிறோம். ஆசிரியை தேன்மொழிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் அவள் போர்டில் ஒரு ஆளை வரைந்து, குறுக்கே கோடுகள் போட்டாள்.

"உச்சந்தலையிலேருந்து தாடை வரைக்கும் ஒரு அளவுன்னு வச்சுக்கங்க. அதே அளவுல ஏழரைத் தலையை அடுக்கினா ஒரு முழு ஆள். சில பேரு எட்டுன்னும் சொல்லுவாங்க."

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் இஞ்ச் டேப் வைத்திருந்தார்.

"ஏழரையா எட்டா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க டீச்சரம்மா."

"ஆளுக்கு ஆள் மாறும் சார். பொதுவா ஏழரை."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஏழரை வேணாம்மா. எங்க வீட்டுல ஏற்கெனவே ஏழரை நடந்துகிட்டிருக்கு. நான் எட்டே வச்சுக்கறேன்."

அன்றிலிருந்து அவர் பெயர் எட்டுத்தலை சார். அவருடைய அசல் பெயர் வருகைப் பதிவில் இருக்கிறது. யாரும் அதைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வகுப்பு முடிவதற்குள் எங்கள் எல்லாரையும் அளந்துவிட்டார். பேங்க் மேனேஜர் ஏழே கால். நான் ஆறே முக்கால்.

"குறைச்சல்னு நினைச்சுக்காதீங்கம்மா," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். "உடம்புல ஒண்ணும் தப்பில்ல. தலை கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்."

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் கொண்டையை இறக்கிப் போட்டுப் பார்த்தேன்.

ஏன் இந்த வகுப்பில் சேர்ந்தீர்கள் என்று தேன்மொழி எல்லாரையும் கேட்டாள். மேனேஜர், டென்ஷன் குறைய என்றார். நான், போனைக் கீழே வைப்பதற்கு என்றேன். எட்டுத்தலை சார், "ஒரு ஆள் நேரா நிக்கிறாங்களா, எவ்வளவு சாஞ்சிருக்காங்கன்னு கரெக்டா தெரிஞ்சுக்கணும்," என்றார். இவர் பழைய வேலையை மறக்க முடியாதவர் என்று நாங்கள் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவர் படங்களில் மனிதர்கள் சிக்னல் கம்பம் மாதிரி நிற்பார்கள். தலையிலிருந்து கால்வரை நடுவே செங்குத்தாக ஒரு கோடு ஓடும். அளவெல்லாம் துல்லியம். ஆனால் யாருக்கும் முகம் இருக்காது. கழுத்துக்கு மேலே ஒரு முட்டை, அத்தோடு முடிந்தது.

"சார், கண்ணு மூக்கு வைங்க சார். பாக்கவே பயமா இருக்கு," என்று தேன்மொழி கெஞ்சுவாள்.

"மூஞ்சி அளவுக்கு வராதும்மா. சிரிச்சா அகலமாவுது, கோவிச்சா நீளமாவுது. நிக்காத சாமானை எப்படி அளக்கிறது?"

ஒரு ஞாயிறு, நிற்கிற மனிதர்களை வரைந்து பழக எங்களைக் காந்தி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். நாங்களெல்லாம் பழக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று, யார் கண்ணிலும் படாமல் திருட்டுத்தனமாக வரைந்தோம். எட்டுத்தலை சார் நடுப்பாதையில் போய் நின்றார். எதிரே ஒரு அம்மாள் தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு வந்தார். சார் கையை நீட்டினார். கண்ணை மூடினார்.

அந்த அம்மாள் நின்றுவிட்டார். "யோவ், யாரைப் பாத்து கண்ணடிக்கிற?"

"கண்ணடிக்கலம்மா. அளவெடுக்கிறேன்."

இதைவிட மோசமான பதிலை யாராலும் சொல்ல முடியாது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கினார்கள். தராசு நின்றது. தேன்மொழி ஓடிப்போய் இது படிப்பு விஷயம் என்று விளக்க முயன்றாள். சார் எதற்கும் அசையாமல் படத்தை முடித்து அந்த அம்மாளிடம் நீட்டினார்.

"சாதாரணமா ஏழுதான் வரீங்க. கூடையோட ஒன்பது."

அந்த அம்மாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி. என் மூஞ்சி எங்க?"

"அது இன்னும் கத்துக்கலம்மா."

"கத்துக்கிட்டு வந்து கண்ணடி," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். மார்க்கெட்டே சிரித்தது. சார் மட்டும் அதை அறிவுரையாக எடுத்துக்கொண்டு, பவ்யமாகத் தலையாட்டினார்.

வகுப்பில் வரைய ஆள் கிடைக்காதபோது எங்களில் ஒருவர்தான் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் முறை வந்தது. பட்டறையில் குரூப் போட்டோவுக்கு நிற்கிறவர் மாதிரி விறைத்து நின்றார். கடைசியில் எங்கள் படங்களை வரிசையாக வைத்தபோது முகம் சுருங்கிவிட்டது. அத்தனை பேரும் அவருடைய இடது தோளைக் கீழே இறக்கிப் போட்டிருந்தோம்.

"எல்லாரும் ஒரே மாதிரி தப்புப் பண்ணியிருக்கீங்களே."

"தப்பு இல்ல சார். நீங்க அப்படித்தான் நிக்கிறீங்க," என்றாள் தேன்மொழி.

அவர் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் ரசமட்டத்தோடு வந்தார், கொத்தனார்கள் சுவர் பார்க்கும் அதேதான். சுவரோரம் நின்று, அதைத் தன் தோள்களின் குறுக்கே வைத்துப் பார்க்கச் சொன்னார். மேனேஜர் வைத்தார். கண்ணாடிக் குழாயில் குமிழி வலது பக்கம் ஏறிப்போய் ஒட்டிக்கொண்டது.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று எங்களைக் கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு அவரே, "டூல் பாக்ஸ் தூக்கின தோளு," என்றார். ரசமட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "அப்போ நானும் சாஞ்சுதான் இருக்கேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதில் வருத்தம் இல்லை. ஏதோ நல்ல சேதி கேட்டவர் மாதிரி இருந்தார். அது ஏன் என்று அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை.

அதன் பிறகு அவர் வகுப்புக்கு வருவது நின்றுபோயிற்று. போன் எடுக்கவில்லை. சில வாரம் பார்த்துவிட்டு, தேன்மொழியும் நானும் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினோம். அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவர் வீடு.

கதவைத் திறந்தது அவர் மனைவி, மங்களம். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. உடம்பு இடது பக்கம் சாய்ந்திருந்தது. இடது கை மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தது.

"நீங்கதான் வரையச் சொல்லிக்குடுக்கிற பொண்ணா? உள்ள வாங்க. உங்களைத் திட்டணும்னு ரொம்ப நாளா இருக்கேன்."

கூடத்துச் சுவர் முழுக்கக் காகிதம். எல்லாவற்றிலும் ஒரே உருவம். புடவை கட்டிய, சாய்ந்து நிற்கிற, முகமில்லாத உருவம்.

"பாருங்க. வீடு பூரா என்னைத்தான் ஒட்டி வச்சிருக்காரு. ஒண்ணுலயாவது எனக்குக் கண்ணு இருக்கா, மூக்கு இருக்கா? வேலை செய்யற பொண்ணு பயந்துகிட்டு கூடத்தைப் பெருக்க மாட்டேங்குது."

சார் சமையலறையிலிருந்து காபி டம்ளர்களோடு வந்தார். எங்களைப் பார்த்து அசடு வழிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். போன வருஷம் மங்களத்துக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்து, பேச்சும் திரும்பிவிட்டது; உடம்பு மட்டும் சாய்ந்துகொண்டது. கண்ணாடி முன்னால் நின்று நிமிர்ந்து பழகச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபிஸ்ட். மங்களமோ வீட்டிலிருந்த கண்ணாடியையெல்லாம் துண்டு போட்டு மூடிவிட்டார்.

"கண்ணாடியில பாக்க மாட்டேங்கிறா. சரி, காகிதத்துல பாக்கட்டும்னு சேர்ந்தேன்." சுவரருகே போய் விரலால் காட்டினார். "இது ஆடி மாசம். நடுக்கோட்டுலேருந்து தோளு எவ்வளவு தள்ளியிருக்கு பாருங்க. இது புரட்டாசி. இது போன மாசம். நிமிந்துகிட்டே வரா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. அளவு பொய் சொல்லாதில்ல?"

தேன்மொழி காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

சார் வகுப்புக்கு வராமல் நின்றதற்குக் காரணமான தகராறு என்னவென்றால், திருவெள்ளறையில் மங்களத்தின் தம்பி மகளுக்குக் கல்யாணம். அத்தை வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டும். மங்களம் போகமாட்டேன் என்றுவிட்டார். சார் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். இரண்டாவது மிரட்டல் அன்று மத்தியானமே தோற்றுப்போனது; முதலாவது மட்டும் அப்படியே நின்றது.

"எல்லார் கண்ணும் என் தோள் மேலதான் இருக்கும்," என்றார் மங்களம். "பாவம் பாவம்னு சொல்லியே என்னைப் படுக்க வச்சிருவாங்க." பிறகு தேன்மொழி பக்கம் திரும்பினார். "ஆமா, உங்க கிளாஸ்ல என்னதான் பண்ணுவீங்க?"

"ஒருத்தரை நிக்க வச்சு உத்துப் பாப்போங்க. பாத்த மாதிரியே வரைவோம்."

"எவ்வளவு நேரம்?"

"நிக்க முடியற வரைக்கும்."

"பாவம்னு யாரும் சொல்ல மாட்டீங்களா?"

"அதுக்கெல்லாம் நேரம் இருக்காதுங்க. எங்களுக்கு முழங்கால் சரியா வரணும்."

மங்களம் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். "முன்ன பின்ன தெரியாதவங்க முன்னாடி ஒரு தடவை நின்னு பாக்கறேன். அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

அந்த ஞாயிறு வகுப்பு மாடியில் நடக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் காரைத் தெருவில் விட்டுவிட்டு, கார் நிறுத்தும் இடத்தை எங்களுக்குத் துடைத்துக் கொடுத்தார். மங்களம் அரக்குப் பட்டுப் புடவையில் வந்தார். கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்ததாம். நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எங்கள் எதிரே நின்றார். முதலில் கண்ணைத் தரையிலேயே வைத்திருந்தார். பென்சில் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. யாரோ ஒருவர் "அழிரப்பர் குடுங்க" என்றார். மேனேஜர் தும்மினார். மெல்ல மங்களம் தலை நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். எட்டுத்தலை சார் கையை நீட்டவில்லை. ஒரு கண்ணை மூடவும் இல்லை. இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மங்களம் உட்கார மறுத்து, ஒவ்வொரு வரைபலகையாக நடந்து பார்த்தார். மேனேஜர் நல்ல மனிதர். தோள் இரண்டையும் சமமாக, நேராக வரைந்திருந்தார்.

"இது நான் இல்லீங்க," என்றார் மங்களம். மேனேஜரின் காது சிவந்தது.

என் படத்தின் முன் அதிக நேரம் நின்றார். என் படத்தில் சாய்வு அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. "சாஞ்சுதான் நிக்கிறேன்," என்றார். "ஆனா நான் நினைச்ச அளவுக்கு இல்ல. விழற மாதிரி இருப்பேன்னு நினைச்சேன். இதுல நிக்கிற மாதிரிதான் இருக்கு."

கடைசியாகக் கணவரின் படம். உடம்பு அரைகுறை. கால் இல்லை. பாதிக் காகிதத்துக்கு முகம்தான். பெரிய கண்கள், இறுக்கிய உதடு, மூக்குத்திகூட இருந்தது. மூக்கு கொஞ்சம் கோணல்.

"ஏங்க, எனக்கு இவ்வளவு பெரிய தலையா?"

"அளக்க மறந்துட்டேன் மங்களம். மூஞ்சியவே பாத்துகிட்டிருந்தேனா, நேரம் போயிருச்சு."

மங்களம் அந்தக் காகிதத்தை வாங்கி, மடிக்காமல், நல்ல கையில் பிடித்துக்கொண்டார். தேன்மொழி மூக்கைத் திருத்துவதற்காகப் பென்சிலை எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

திருவெள்ளறைக் கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மங்களம் நின்றிருந்தார், "வாங்க, வாங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டபடி. அவருக்குப் பின்னால், தொடாமல், ஆனால் தொட்டுவிடும் தூரத்தில், சார். வயதான உறவுக்கார அம்மாள் ஒருவர் கன்னத்தில் கை வைத்து ஆரம்பித்தார்.

"என்ன மங்களம் இது, இப்படிச் சாஞ்சு நிக்கிற?"

"ஆமாக்கா. சாஞ்சுதான் நிப்பேன். உள்ள போங்க, பந்தி ஆரம்பிச்சாச்சு."

இப்போது ஞாயிறுதோறும் இரண்டு பேரும் வருகிறார்கள். வகுப்பு கீழேயே நிலைத்துவிட்டது. மங்களம் வரைவதில்லை, மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து எங்கள் படங்களில் குற்றம் கண்டுபிடிக்கிறார். சார் இன்னமும் தெருவில் போகிறவரையெல்லாம் அளக்கிறார், திட்டும் வாங்குகிறார். என்றைக்காவது ஸ்ரீரங்கத்து பஸ் தாமதமாகி அவர்கள் வரக் கொஞ்சம் நேரமானால், நாங்கள் பென்சிலைச் சீவிக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர்கள் வந்து உட்காரும்வரை எங்களில் யாருக்கும் கை ஓடுவதில்லை.