குளிர்பெட்டிக்கு நான்கு சாட்சிகள்

முதலில் ஒரு புதிர். ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு கவளம் சோறு போகிறது. வழியில் நின்று எண்ணுகிற ஒவ்வொருவரும் எண்ணிய கூலியாக அதிலேயே கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார். எத்தனை பேர் எண்ணினால் பெட்டி பட்டினி கிடக்கும்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

புயெர்த்தோ மொயேனா ஊரின் மருந்தகத்தில் ஒரு குளிர்பெட்டி இருந்தது. அதற்குள் பாம்புக்கடி மருந்து. அடுத்த ஊர் மருந்துக்குப் படகில் ஒரு நாள் போக வேண்டும். கூரையில் சூரியத் தகடு, கீழே பேட்டரி, நடுவில் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் கன்வர்ட்டர். இவற்றைப் பார்த்துக்கொள்பவர் வில்டர் தாமானி. கன்வர்ட்டர் நொடிக்கு லட்சம் முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று தானே பார்த்து, கூடினால் தானே நிறுத்திக்கொள்ளும். பன்னிரண்டு வோல்ட் என்றால் பன்னிரண்டுதான் கொடுக்கும். அதன்மேல் யாருக்கும் குறையில்லை.

குறையில்லாதது ஒரு குறையாக மேலிடத்துக்குப் பட்டது. மின்னோட்டச் சாட்சிய இயக்ககத்திலிருந்து இஞ்சினியர் பெசெர்ரா வந்து இறங்கினார். புது ரப்பர் பூட்ஸ், பதினொரு பை வைத்த கையில்லாச் சட்டை. அந்தச் சட்டை இல்லாத அதிகாரியை அந்தப் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

"இது தன்னைத் தானே அளந்துக்குதா?"

"ஆமாங்க இஞ்சினியரே," என்றார் வில்டர்.

"பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்துறானா? நல்லா இருக்கே."

'எந்த மின்னோட்டமும் சாட்சியின்றிச் செல்லலாகாது' என்ற ஆணைப்படி, குளிர்பெட்டிக்குப் போகும் கம்பியில் ஓர் அளவி ஏறியது. அளப்பதற்கு அது புள்ளி நான்கு வோல்ட் எடுத்துக்கொண்டது. இயக்ககத்தின் அளவியை நம்பாத சுகாதாரத் துறை தன் பங்குக்கு ஒன்று வைத்தது. கம்பி தன் மண்ணுக்கு மேலே போகிறது என்று நகரசபை மூன்றாவதை வைத்தது. மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க நான்காவது வந்தது.

ஒவ்வொன்றும் தன் புள்ளி நான்கை எடுத்ததில், பன்னிரண்டு, பத்து புள்ளி நான்காகச் சுருங்கியது. பத்தரைக்குக் கீழே போனால் குளிர்பெட்டி நின்றுவிடும். நின்றதும் மின்னோட்டம் இல்லை, அளவிகளுக்குக் கூலியும் இல்லை. உடனே பன்னிரண்டு திரும்பிவிடும். பெட்டி அதை நம்பி மறுபடி ஓடப் பார்க்கும், மறுபடி நிற்கும். விக்கல் நிற்காமலே தண்ணீர் குடிக்கிறவன் கதைதான்.

பெசெர்ரா பெட்டி நின்றிருந்த நேரம் பார்த்துத் தன் கைமீட்டரை வைத்தார். "பன்னெண்டு இருக்கே. என்ன குறை?"

"ஓடாதப்போதான் பன்னெண்டு இருக்கு," என்றார் வில்டர்.

"அப்போ ஓடுறதுதான் தப்பு." அப்படியே எழுதியும் கொண்டார்: 'வேலை செய்ய முயல்வதால் குளிர்பெட்டிக்குக் கோளாறு ஏற்படுகிறது.'

செவிலி தெயோலிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மழைக்காலம். பாம்பெல்லாம் வீட்டுக்குள்ள வருது. கையில இருக்கிற ஐஸ் நாளை வரைக்கும்தான். அப்புறம் மருந்த உங்க சட்டைப் பையிலயா வெச்சுக்குவீங்க? பதினொண்ணு இருக்கே."

வில்டர் இரண்டு மெல்லிய கம்பிகளை எடுத்துக் காட்டினார். "கன்வர்ட்டரு தன் வாசல்லயே பாத்து, பன்னெண்டுன்னு நிம்மதியா இருக்கு. இந்தக் கம்பி வழியா குளிர்பெட்டி வாசல்ல பாக்கவிட்டா, குறையறத அதுவே கூட்டிக் குடுத்துடும்."

பெசெர்ராவின் முகம் வெளுத்தது. "வாங்குறவன் பேச்சக் கேட்டு அரசாங்க எந்திரம் நடக்கணுமா? இது எங்க போய் முடியும்?"

"ஒரு தடவ முடியட்டும், பாக்கலாம்," என்றார் தெயோலிந்தா.

வெயில் ஏறியது. குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் பெசெர்ரா கொஞ்சம் இளகினார். விதியில் ஓர் ஓட்டை இருந்தது. நான்காவது அளவிக்குப் பதிலாக ஓர் ஆள், மணிக்கொருமுறை மூன்று அளவிகளையும் படித்து எழுதலாம். கண்ணுக்கு வோல்ட் தேவையில்லை. ஆனால் அந்த ஆள் இதில் அக்கறை இல்லாதவராக இருக்க வேண்டும். வில்டருக்கும் தெயோலிந்தாவுக்கும் அக்கறை இருந்தது. வாசலில் உட்கார்ந்து மாங்காய் கடித்துக்கொண்டிருந்த தெயோலிந்தாவின் மகள் மாய்ராவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு எதிலும் அக்கறை இல்லை.

முழங்கால் வரை தொங்கிய பதினொரு பைச் சட்டையில் அவள் சாட்சியானாள். நான்காவது அளவி கழன்றது. பத்து புள்ளி எட்டு வந்தது, குளிர்பெட்டி ஓடியது. ஊர் மூச்சுவிட்டது.

பத்து நாள் ஆயிற்று.

"மாமா, ஆத்துல ஒரே ஒரு குதி குதிச்சிட்டு வரவா?" மாய்ரா வில்டரைக் கேட்டாள்.

"மணி அடிக்கப் போகுதே தங்கம். எழுதிட்டுப் போ."

எழுதி முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் கரையேறிவிடுவார்கள்.

பதினோராம் நாள் படகில் ஒரு தாள் வந்தது. 'சாட்சியின் பணிச்சுமையைக் குறைக்கும் பொருட்டு, அவருக்குப் பதிலாக ஓர் அளவியைப் பொருத்தலாமா? ஆம் / இல்லை.'

வில்டர் பதறிப்போய் அவள் அருகில் உட்கார்ந்தார். "மாய்ரா, நல்லா யோசி. நாலாவது வந்தா பெட்டி நின்னுடும். உள்ள மருந்து இருக்கு..."

"நீங்க சாட்சிகிட்ட பேசக் கூடாது மாமா," என்றாள் மாய்ரா, ஏழாவது பையிலிருந்து பேனாவை எடுத்தபடி. "நீங்க அக்கறை உள்ளவரு."

ஆற்றில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் கேட்டது. மாய்ரா 'ஆம்' என்பதில் குறியிட்டாள்.